வலது காலை எடுத்து வைத்து

ஜனவரி 2

புது வருஷம், புது டைரி. மின்வாரியத்தில் கொடுத்தது என்று என் கணவர் மாறன் கொண்டுவந்து நீட்டினார். முதல் நான்கு பக்கத்தில் ஷாக் அடித்தவரை எப்படிக் காப்பாற்றுவது என்று படத்தோடு போட்டிருக்கிறது. படித்துவிட்டேன். இந்த வீட்டில் யாருக்கு ஷாக் அடித்தாலும் நான் தயார்.

ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. மார்ச் கடைசியில் சென்னையில் தேர்வுப் போட்டி. நீளம் தாண்டுதலில் ஆறு மீட்டர் நாற்பதைத் தொட்டால் ஆசியப் போட்டிக்குப் போகலாம். தொடாவிட்டால் இத்தோடு சரி. இருபத்தொன்பது வயதில் இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள் என்று யாரிடமும் கேட்க எனக்கே வாய் வராது. இந்தியா என்று எழுதிய பனியனைப் பதினொரு வருஷமாகப் போட்டுக்கொண்டு மணலில் விழுந்துகொண்டிருக்கிறேன். கொழும்பு, தோஹா, அல்மாட்டி, ஒசாகா என்று நான் மண்ணைக் கவ்வாத ஊர் குறைவு. ஒசாகாவில் மட்டும் கவ்வினதற்கு ஒரு வெண்கலம் கொடுத்தார்கள்.

ஒரு காலத்தில் ஆறு நாற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அதெல்லாம் வலது காலில் எம்பியபோது. போன மே மாதம் பாங்காக்கில் அந்தக் கணுக்கால் போய்விட்டது. அதனால் இனிமேல் இடது காலில் எம்புவது என்று முடிவு செய்து, இன்று மேடத்திடம் சொல்லியும் விட்டேன்.

பிலோமினா மேடம் என் கோச். பதினாறு வயதிலிருந்து என்னைத் திட்டிவருபவர். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சரியாயிடுச்சுங்கறார் மேடம். ஆனா வலிக்குது."

"எப்ப?"

"எம்பும்போது."

"நீ எம்பியே எட்டு மாசமாச்சே."

"எம்பினா வலிக்கும் மேடம்."

என் கணுக்காலைப் பார்த்தார். அப்புறம் கடலைத் தோலை ஊதிவிட்டு, "சரி, இடது" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

ஜனவரி 3

கால் மாற்றும் செய்தியைக் கேட்டு இந்த வீட்டில் அதிகமாகச் சந்தோஷப்பட்டது என் மாமியார்.

காரணம் இருக்கிறது. என் ஓட்டத்தில் காலடிகள் இரட்டைப்படை. எந்தக் காலை முதலில் எடுத்து வைத்து ஓட ஆரம்பிக்கிறேனோ அதற்கு எதிர்க்கால்தான் மணலுக்கு முன்னால் பதித்திருக்கும் வெள்ளைப் பலகையில் போய் விழும். வலது காலில் எம்ப வேண்டுமானால் இடது காலை முதலில் வைத்து ஓட வேண்டும். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடினேன்.

பாங்காக் வீடியோவை அத்தை மொபைலில் பார்த்தபோது நான் விழுந்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை. "இடது காலை எடுத்து வச்சா ஆரம்பிச்ச? அதான்" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் டிரங்க் கால் போட்டவர். அவர் மெதுவாகச் சொன்னாலும் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்.

இன்று விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இனிமே வலது காலை எடுத்து வச்சுத்தான் ஓடுவியா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். ராத்திரி கேசரி கிண்டினார்.

அத்தைக்கும் வலது காலுக்கும் உள்ள உறவு என் கல்யாணத்தன்றே தெரிந்துவிட்டது. முகூர்த்தம் ஜூனில். என் வலது கால் அப்போது மாவுக்கட்டில். வாசலில் ஆரத்தி எடுத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து வா என்றார்கள். அந்தக் காலை எடுக்கவே முடியாது, பரவாயில்லை, எப்படியாவது வரட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அத்தை மட்டும் மசியவில்லை. மாறன் ஒரு பக்கமும் என் அண்ணன் ஒரு பக்கமும் தூக்கிப் பிடிக்க, மாவுக்கட்டு முதலில் வீட்டுக்குள் போனது. பின்னாலேயே நானும் போனேன்.

ஜனவரி 6

இடது காலில் முதல் நாள். ஐந்து மீட்டர் பன்னிரண்டு. பத்தாம் வகுப்பில் இதைவிட அதிகம் தாண்டியிருக்கிறேன். ஒரு தாண்டலில் பக்கவாட்டில் உருண்டு போய்க் குழிக்கு வெளியே உட்கார்ந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், "புதுசா சேந்திருக்கியாம்மா?" என்று அன்பாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மேடம் சிரித்ததில் குடை கீழே விழுந்தது. நானும்தான் சிரித்தேன். காதுக்குள் இன்னும் மணல்.

ஜனவரி 9

வீட்டுப் பாடம் கொடுத்திருக்கிறார் மேடம். படி, வாசல், பஸ், எங்கே ஏறினாலும் தாண்டினாலும் இடது காலை ஊன்றி உந்த வேண்டும். வலது கால் முதலில் அந்தப் பக்கம் போக வேண்டும். உடம்பு தானாகப் பழக வேண்டும் என்றார்.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு. அத்தை தன்னைத்தானே நடுவராக நியமித்துக்கொண்டார். ஹாலில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டே என் கால்களைப் பார்க்கிறார். மடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு சிவப்பு ரவிக்கைத் துண்டு. வலது கால் முதலில் வந்தால் வெள்ளை. இடது வந்தால் சிவப்பைத் தூக்கி "ஃபவுல்" என்கிறார். திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும். இன்று காபி டம்ளரோடு மூன்று தடவை சமையலறையிலிருந்து வெளியே வந்தேன். மாறனுக்குக் காபி ஆறிவிட்டது. அவர் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. புத்திசாலி.

ஜனவரி 15

பொங்கல். அத்தை விடியற்காலையில் எழுந்து வாசலை அடைத்துப் பெரிய கோலம் போட்டுவிட்டார். பால் வாங்கப் போனவள் திரும்பி வந்தால் வீட்டுக்குள் நுழைய வழியில்லை. கோலம் இன்னும் ஈரம். ஒரு பக்கம் கரும்பு சாத்தியிருக்கிறது, இன்னொரு பக்கம் மாறனின் பைக். கையில் இரண்டு பாக்கெட் பாலோடு ஒரே தாண்டாகத் தாண்டி நிலைப்படியில் நின்றேன்.

"ஃபவுல்" என்றார் அத்தை. "இடது கால் முதல்ல வந்துச்சு."

"மறந்துட்டேன் அத்தை."

கோலத்தைப் பார்த்தார். நான் நின்ற இடத்தைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்து, "வலிச்சுதா?" என்று கேட்டார்.

"எது?"

"ஒண்ணுமில்ல. பால் கொண்டா."

நல்ல நாளும் அதுவுமாக எதற்கு அப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. பொங்கல் அருமை. மூன்று தடவை போட்டுக்கொண்டேன். மேடத்திடம் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 28

ஐந்து ஐம்பத்தெட்டு. ஏறுகிறது. பல் தேய்ப்பதும் இப்போது இடது கையில்தான். அது மேடம் சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு.

பிப்ரவரி 4

டாக்டரிடம் போனோம். ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "புதுக் கணுக்கால் மாதிரி இருக்கு, தாராளமா குதிக்கலாம்" என்றார். குதிக்கப் போவது அவரில்லை. வெளியே வந்ததும் மாறன், "நல்ல செய்திதானே?" என்றார். நல்ல செய்திதான் என்றேன். வழியில் இளநீர் குடித்தோம்.

பிப்ரவரி 11

அத்தையோடு காந்தி மார்க்கெட் போனேன். எங்கேயோ குழாய் உடைந்து தெரு முழுக்கத் தண்ணீர். பின்னால் ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இரண்டு கையிலும் பையோடு அந்தப் பக்கம் தாண்டிவிட்டேன். அத்தை சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இதோட நாலாவது தடவை" என்றார்.

"என்னது?"

"நினைச்சுப் பார்த்துட்டு காலை வச்சா இடது காலை ஊன்றே. நினைக்காம தாண்டினா வலதுல எம்பறே. பொங்கலன்னைக்குக் கோலம், அப்புறம் மாடியில அந்தப் பூனை வந்தப்ப, பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள், இப்ப இது. ஒரு தடவைகூட நீ ஸ்ஸ்னு சொல்லல."

தெருவில் தாண்டுவதும் பலகையில் எம்புவதும் ஒன்றா? முழு வேகத்தில் ஓடிவந்து எம்பும்போது ஒரு கணுக்கால் மேல் எத்தனை கிலோ இறங்கும் என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். வேகம், கோணம், எல்லாம் சொன்னேன். அத்தை "அப்படியா" என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினார்.

அவருக்கு என்ன தெரியும்? டிரங்க் கால் போடுகிற மாதிரியா இது? சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 12

இன்று எழுத ஒன்றுமில்லை. சமையல் வெண்டைக்காய்.

பிப்ரவரி 20

அத்தை உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தார். மாறன் தோசை ஊற்றினார். அவர் ஊற்றினால் தோசை வட்டமாக வரும். எனக்கு இன்னும் இலங்கை மாதிரிதான் வருகிறது.

"பாங்காக்ல நிஜமா என்ன நடந்துச்சு?" என்றார் சட்டினியை நகர்த்திக்கொண்டே.

ஆயிரம் தடவை சொன்ன கதை. தூறல். பலகை ஈரம். கால் வழுக்கி உள்பக்கமாக மடங்கியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போன தாய்லாந்துப் பையன்கள் வழியெல்லாம் ஸாரி சொன்னார்கள், அவர்கள்தான் என்னைத் தள்ளிவிட்டது போல. இந்த இடத்தில் மாறன் எப்போதும் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

அந்தச் சத்தத்தை மட்டும் நான் சொல்லவில்லை. தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம். அதெல்லாம் சாப்பிடும்போது பேசுகிற விஷயமா?

வெள்ளிக்கிழமை அத்தை பூஜைக்குத் தேங்காய் உடைக்கிற நேரத்தில் நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுகிறேனாம். துணி காயாத நாளில்கூடப் போகிறேனாம். மாறன் சொல்கிறார். மனிதர் எதையெல்லாம் கவனிக்கிறார் பாருங்கள். நான்கு தோசை சாப்பிட்டேன்.

மார்ச் 8

இடது காலில் ஆறு பன்னிரண்டு. இரண்டு மாதத்தில் ஒரு மீட்டர் ஏறியிருக்கிறேன். யாராவது செய்வார்களா? மேடத்தைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன்.

மேடம் சந்தோஷப்பட்டார். அப்புறம் உட்கார்ந்து, "இன்னும் இருபத்தெட்டு சென்டிமீட்டர். மூணு வாரம். அந்தக் கால்ல இருக்கறதை எல்லாம் பிழிஞ்சாச்சு மதி" என்றார்.

"வந்துடும் மேடம்."

"சும்மா ஒரே ஒரு தடவை. பாதி வேகத்துல. வலதுல எம்பிப் பாரேன்."

சரி என்றேன். போய் நின்றேன். ஷூ லேஸ் தளர்ந்திருந்தது, கட்டினேன். இன்னொரு ஷூவையும் கட்டினேன். தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனேன். மேடம் உட்கார்ந்திருந்த சாக்கைச் சுருட்டி, குடையை மடக்கி, ஸ்கூட்டரை எடுக்கும்வரை குடித்துக்கொண்டிருந்தேன். வெயில் காலம் அல்லவா, உடம்புக்குத் தண்ணீர் வேண்டும்.

மார்ச் 16

அத்தையும் சென்னைக்கு வருகிறாராம். "நல்லா ஆரம்பிக்கிறியான்னு பார்க்கணும்" என்கிறார். ஒரு வாரமாக அவர் என் கால்களைப் பார்ப்பதில்லை. சிவப்புத் துண்டைக் காணோம். ஹாலில் தலை நிமிராமல் காய் அரிகிறார். கைக்குட்டையையாவது தூக்குங்களேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

மார்ச் 26

பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை வந்தோம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஊறுகாய், முறுக்கு. ரயில் செங்கல்பட்டைத் தாண்டுமுன் அத்தை எங்கள் பெட்டியில் பாதிப் பேருக்கு முறுக்கு கொடுத்து, நாளைக்கு என்னைப் பார்க்க வரச் சொல்லிவிட்டார். மேடம் அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் பார்த்ததும் வேர்க்கடலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நன்றாக இருக்கிறேன். தூங்கிவிடுவேன்.

மார்ச் 27

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதல் மூன்று தாண்டலில் ஆறு பூஜ்யம் ஐந்து, ஒரு ஃபவுல், ஆறு பதினொன்று. கடைசி எட்டுப் பேரில் ஒருத்தியாக எப்படியோ உள்ளே வந்தேன். எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று வாய்ப்பு. நான்காவதில் ஆறு பதினான்கு. இடது காலில் என் வாழ்நாள் சாதனை. ஐந்தாவதில் இன்னும் வேகமாக ஓடிப் பார்த்தேன். பலகையைத் தாண்டி மிதித்துவிட்டேன், சிவப்புக் கொடி.

மீதி ஒன்று. வேண்டியது இருபத்தாறு சென்டிமீட்டர். அந்தக் காலில் அவ்வளவு இல்லை என்பது எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். குழிக்குப் பக்கத்துக் கேலரியில் முதல் வரிசையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கிட்டப் போனேன். மேடம் கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார். மாறன் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

போய் நின்றேன். ஒரு நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. வலது காலை லேசாகத் தூக்கினேன். இதோ ஓடிப்போய் ஆறு பத்து தாண்டிவிட்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ராத்திரி ரயிலில் முறுக்கு தின்றுகொண்டே ஊர் போய்ச் சேரலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"மதி."

ஸ்டேடியம் முழுக்கக் கேட்டது. கொடி பிடித்துக்கொண்டிருந்த நடுவர் திரும்பிப் பார்த்தார். அத்தை எழுந்து நின்றிருந்தார்.

"இடது காலை எடுத்து வை."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். இந்த மனுஷியா சொல்கிறார்? மாவுக்கட்டோடு என்னை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க வைத்தவர் அவர்.

"இடது காலை எடுத்து வச்சு ஓடு. நான்தான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது. ஓடு தாயி."

எனக்குப் பயமாக இருந்தது. எழுதிவிட்டேன். பயம். வலி எப்போதோ போய்விட்டது, தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டது. அதற்கப்புறம் இருந்ததெல்லாம் பயம்தான். அதற்கு வலி என்று பெயர் வைத்து, டாக்டர், மேடம், மாறன் என்று எல்லாரிடமும் சொல்லி, இந்த டைரியையும் நம்பவைக்கப் பார்த்தேன். கடிகாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

இடது காலை எடுத்து வைத்தேன்.

பாதித் தூரம் வரைக்கும் நின்றுவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் வேகம் வந்துவிட்டது. அந்த வேகத்துக்குப் பிறகு நிற்பதுதான் கஷ்டம். வெள்ளைப் பலகை வந்தது. வலது கால் அதில் விழுந்தது. எந்தச் சத்தமும் இல்லை. டப் என்று ஷூவின் சத்தம் மட்டும். அப்புறம் நான் மேலே இருந்தேன். எவ்வளவு நேரம் மேலே இருக்கலாம் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

மணலில் உட்கார்ந்து முதலில் காலைத்தான் பார்த்தேன். கணுக்காலை ஆட்டினேன். ஆடியது. கொடியைப் பார்க்கவே இல்லை. மாறன் கேலரிக் கம்பியைத் தாண்டி உள்ளே குதிக்கப் பார்த்து ஒரு போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் வெள்ளைக் கொடி என்று தெரிந்துகொண்டேன். ஆறு நாற்பத்து மூன்று. மேடம் குடையைத் தரையில் போட்டு மிதித்து உடைத்துவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாரும் அமர்க்களப்பட்டு முடித்த பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வலிச்சுதா?"

"இல்ல அத்தை."

"எத்தனை நாளா வலிக்கல?"

"ரொம்ப நாளா."

தலையை ஆட்டிக்கொண்டார். "பொங்கலன்னைக்கே எனக்குத் தெரியும். மார்க்கெட்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், நீ கிலோக் கணக்கெல்லாம் சொன்ன. அப்புறம் நானும் விட்டுட்டேன். வலது காலை எடுத்து வச்சு ஓடுறியேன்னு எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அதை விட்டுக்கொடுக்க மனசு வரல. தப்புதான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். அவரும் அழுதார், ஆனால் என்னைவிடச் சத்தமாக. முறுக்கு வாங்கித் தின்றவர்கள் இரண்டு பேர் நிஜமாகவே வந்திருந்தார்கள். அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

"அந்த ஆசியப் போட்டி எந்த ஊர்ல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் அத்தை.

"சியோல். கொரியா."

"எனக்கு பாஸ்போர்ட் இல்லையே."

"உங்களுக்கு எதுக்கு அத்தை?"

"அங்க நீ ஓட்டத்துக்கு முன்னாடி ஷூ லேஸ் கட்டிக்கிட்டே நின்னா யாரு கத்துறது? பிலோமினாவுக்கு அவ்வளவு குரல் கிடையாது."

மேடம் ஆமாம் என்று தலையாட்டினார். மாறன் அந்த இடத்திலேயே மொபைலை எடுத்து விண்ணப்பம் நிரப்ப ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 30

அத்தைக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கத் தில்லைநகர் ஸ்டுடியோவுக்குப் போனோம். சிரிக்கக் கூடாது, வாயை மூடி நேராகப் பார்க்க வேண்டும் என்றார் போட்டோக்காரர். அத்தையால் முடியவில்லை. அவர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் சிரித்துவிடுகிறார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, சாயந்தரம் கோபமாக இருக்கும்போது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.